பாதரசமும் பாதுகாப்புப் பயிற்சியும்

நடுக்கடலில் கப்பல் தீப்பற்றினால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட முடியாது. ஆகவேதான் கடற்படையில் சேருகிறவர் பொறியாளராயினும் சமையற்காரராயினும் தீயணைக்கவும், உடைப்பில் புகும் நீரை அடைக்கவும் கற்றே ஆகவேண்டும். இதற்கெனவே லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜி தளத்தில் தனிப் பள்ளி இயங்குகிறது. கப்பலறை போல் அமைத்த கூடத்துக்குள் நீரைப் பீறிட விட்டு, அதில் நின்றபடியே ஆப்பும் கட்டையும் கொண்டு ஓட்டையை அடைக்கச் செய்கிறார்கள். புத்தகத்தில் படித்தது அங்கே உதவாது. கை பழகியிருக்க வேண்டும்.

மலைமேல் வாழும் நமக்குக் கடற்படையின் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். விடை நம் கொடைக்கானலிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1983 வாக்கில் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வேலையில்லாத மலையூர் இளைஞர்கள் மகிழ்ச்சியோடு சேர்ந்தார்கள். அவர்கள் கையாண்டதோ பாதரசம்! உருண்டோடும் வெள்ளிமணி போல் பார்க்க அழகான பொருள். அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கும். தீயென்றால் கண்ணுக்குத் தெரியும், சுடும், ஓடித் தப்பலாம். கண்ணுக்குத் தெரியாத பகையை ஒருவர் சொல்லித் தராமல் தொழிலாளி எப்படி அறிவான்?

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் கிடப்பது வெளிப்பட்டது. ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது. ஆபத்தைப் பற்றித் தங்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை, தக்க காப்புடை தரப்படவில்லை என்று தொழிலாளர் குற்றம் சாட்டினர். நிறுவனம் மறுத்தது, அவர்களுடைய நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றது. 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமலில்லை. போபால் கொடுமைக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தை அறியவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை அளித்தது. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? பல இடங்களில் பயிற்சி என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகவே முடிகிறது என்பது என் கருத்து.

கடற்படையில் விபத்தே நிகழ்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2013இல் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் மாண்டனர். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னாவில் எழுந்த புகையில் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். அன்றே தளபதி ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பயிற்சி கீழே உள்ளவனுக்கு. பொறுப்பு மேலே உள்ளவனுக்கு. பயிற்சியும் இல்லாமல் பொறுப்பும் இல்லாமல், பழியை மட்டும் தொழிலாளியின் கவனக்குறைவின்மேல் ஏற்றும் வழக்கத்தை நம்மால் ஏற்க இயலாது.

நாளை ஆலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் செல்லவிருப்பவர்கள் நாம். நம் வேதியியல் கூடத்தில் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியை நம்மில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறோம்? பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சன்னலைத் திறந்து, கந்தகத்தூள் தூவி, பிறகே திரட்ட வேண்டும் என்பதை எத்தனை பேர் செய்து பார்த்திருக்கிறோம்? பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால், வரும் கல்வியாண்டின் முதல் செய்முறை வகுப்பையே இதற்கு ஒதுக்கலாம். இரண்டு மணி நேரம் போதும்.