புள்ளிராஜாவின் மனைவிக்கு வராதா?

2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் ஒரே கேள்வி நின்றது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? டீக்கடைகளில் சொல்லிச் சிரித்தார்கள், கல்லூரிகளில் பட்டப்பெயராக வைத்தார்கள். கற்பனை ஆண் ஒருவரை வைத்து, இந்த நோயைப் பற்றி வாயே திறக்காத ஊரைப் பேச வைத்த விளம்பரம் அது. அந்த அளவில் அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ராஜாவுக்கு வருமா வராதா என்று பட்டிமன்றம் நடத்திய ஊர், அவர் வீட்டில் சோறாக்கி வைத்துக் காத்திருந்தவளுக்கு வருமா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கத் தேவையில்லை என்றே நினைத்தார்கள். பால்வினை நோய் நடத்தை கெட்டவர்களுக்கு வருவது, கட்டியவனைத் தவிர வேறு ஆணை ஏறெடுத்தும் பாராத குடும்பப் பெண்ணை அது அண்டாது என்று இன்றும் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்புகிறார்கள். இது பொய். பெண்களை நோயில் தள்ளுகிற பொய்.

நடத்தைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. துணைகளின் எண்ணிக்கை கூடினால் ஆபத்து கூடும். ஆணுறை இல்லாத உறவும், குடிபோதையில் நேரும் உறவும் ஆபத்துதான். மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் இந்தப் பட்டியலில் எனக்குச் சண்டையில்லை. யாருடைய நடத்தை என்பதில்தான் சண்டை. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே ஆணோடு இருந்திருக்கலாம். அந்த ஆண் எத்தனை பேரோடு இருந்தான் என்பது அவள் உடம்பில்தான் வந்து முடிகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் கண்டார்கள். அறிவியலுக்கு அது பெரிய பணி. ஊர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: இது ‘அந்த மாதிரிப் பொம்பளைங்க’ நோய். சில ஆண்டுகளிலேயே அந்தப் பாடம் தவறென்று தெரிந்துவிட்டது. 1993 முதல் 1996 வரை புணேயில் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களுக்கு வந்த 916 பெண்களை ராமன் கங்காகேட்கர் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்களில் 391 பேர் பாலியல் தொழிலில் இல்லாதவர்கள், பெரும்பாலும் மணமாகிக் கணவரோடு மட்டும் வாழ்ந்தவர்கள். இந்த 391 பேரில் 13.6 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருவர். சென்னையில் சுனிதி சாலமன் தொடங்கிய மருத்துவமனைக்கு வந்த தொற்றுள்ள பெண்களிலும் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், ஒரே துணையோடு வாழ்ந்தவர்கள் என்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. கணவர் மூலம் தொற்று பெற்றதை வெளிப்படையாகச் சொன்ன கௌசல்யா பெரியசாமி, தன்னைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் 1998-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்படி ஓர் அமைப்பு தேவைப்படும் அளவுக்கு அவர்கள் பலராக இருந்தார்கள்.

எச்.ஐ.வி.யாவது பேச்சில் அடிபடுகிறது. கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள் வந்தது பெரும்பாலான பெண்களுக்குத் தெரிவதே இல்லை. ஆணுக்குச் சிறுநீர் போகும்போது எரிந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். பெண்ணுக்குத் தொற்று கருப்பை வாயில் சத்தமில்லாமல் தங்கி மேலே ஏறலாம், கருக்குழாயை அடைக்கலாம். சில ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்று மலடிப் பட்டமும் அவளுக்கே. ராணி பங், அபய் பங் இருவரும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு பெண்நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் இதற்காக ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடுதான். வெட்கம் ஒரு காரணம். ‘எனக்கு எப்படி வரும்’ என்ற நிச்சயம் இன்னொரு காரணம்.

நம் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். “வெள்ளை படுதுங்க சிஸ்டர், சூட்டுனாலதான்” என்றுதான் பேச்சு தொடங்கும். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அல்ல, இயல்பாக வருவதும் உண்டு. ஆனால் கருப்பை வாயில் தொற்று என்று டாக்டர் கண்டால் ஒரு சாம்பல் நிற உறையைக் கொடுப்பார்கள். உள்ளே அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். ஒரே வேளை மருந்து. கணவருக்கும் அதே உறை. அங்கேதான் கதை நிற்கிறது. “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா” என்றால், “அவரு வர மாட்டாருங்க” என்பார். “அப்ப மாத்திரையையாவது கொடுங்க” என்றால் தலை குனிந்து, “சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுக்கலாமா சிஸ்டர்?” என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்: “உனக்கு வந்த சீக்குக்கு நான் எதுக்குடி மாத்திரை போடணும்?” மனைவி மட்டும் விழுங்குவார், குணமாவார், அடுத்த மாதம் அதே கணவரிடமிருந்து அதே தொற்றோடு திரும்பி வருவார். மருந்து கேட்கவில்லை என்று இன்னொரு டாக்டரைத் தேடுவார்.

ஆணுறையைச் சொல்லலாமே என்பீர்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு ஆணுறை எதற்கு? அதை ஒரு மனைவி கேட்டால் அது கேள்வியாக இருக்காது, குற்றச்சாட்டாகிவிடும். “என்னைச் சந்தேகப்படுறியா, இல்ல நீ எங்கயாவது போயிட்டு வந்தியா?” சங்கமாகத் திரண்ட பாலியல் தொழிலாளர்கள் ஆணுறை இல்லாமல் முடியாது என்று சொல்லக் கற்றார்கள். அப்படிச் சொல்ல மனைவிக்கு வாய் இல்லை. வேண்டாம் என்று அவள் சொன்னாலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் அது வன்புணர்ச்சி ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு விலக்கு எழுதி வைத்திருக்கிறது.

என்னை மிகவும் கொதிக்க வைப்பது கர்ப்பிணிகளுக்கு நடப்பது. கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிசுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய ஏற்பாடு. ஆனால் கணவனுக்கு அப்படி ஒரு வழக்கமான பரிசோதனைத் தருணமே வாழ்க்கையில் வருவதில்லை. அதனால் வீட்டில் முதலில் தெரியவருவது அவளுக்குத்தான். முதலில் தெரிந்தவளே முதலில் வாங்கியவள் என்று மாமியார் வீடு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பரிசோதனையின் வரிசை வேறு, தொற்றின் வரிசை வேறு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களைக் கேளுங்கள். அந்தக் கணவர்கள் பலர் அதன்பிறகும் ரத்தம் கொடுக்க வருவதில்லை.

‘சுத்தமா இருந்தா ஒண்ணும் வராது’ என்றும் ஒரு பேச்சு. உறவுக்குப் பின் சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். யோனிக்குள் இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அங்கே அமிலத்தன்மையைக் காத்துத் தொற்றைத் தடுப்பவை. கழுவுவதில் போவது அவைதான்.

குடும்பப் பெண்ணை நோய் அண்டாது என்ற நம்பிக்கை இப்போது அடுத்த தலைமுறைக்கும் போகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது, ஏறக்குறைய எல்லாமே உறவின் வழி பரவும் எச்.பி.வி. கிருமியால். 9 வயது முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டால் பலன் அதிகம். போடச் சொன்னால், “எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைங்க” என்கிறார்கள். அப்படிப்பட்டவளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளை நீங்கள் பார்த்துக் கட்டி வைக்கும் மாப்பிள்ளை அந்தக் கிருமியோடு வந்தால் போதும். அவனுக்கே அது தெரிந்திருக்காது.

மணமாகாத பெண் வலியென்று போனால் ‘கல்யாணம் ஆயிடுச்சா’ என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த கேள்வியை விழுங்கிவிடும் டாக்டர்களும் இதே நம்பிக்கைக்காரர்கள்தான். உறவு இருந்த பெண்ணும் அந்தக் கேள்வியில் பொய் சொல்லிவிட்டு நோயோடு வீடு திரும்புகிறாள்.

இப்படியெல்லாம் எழுதினால் குடும்பத்தில் சந்தேகம் வரும் என்று சொல்வார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத வழியும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதியும் அன்றே கணவரின் ரத்தத்தையும் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் எடுத்தால் அதில் யார் மீதும் பழி இல்லை. வேலைக்குப் போய்விடுகிறார் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கட்டும். சாம்பல் நிற உறையை மனைவியின் கையில் திணித்து அனுப்பாமல், கணவரின் செல்பேசிக்கு மருத்துவமனையே அழைத்து வரச் சொல்லட்டும், மனைவி அதற்குச் சம்மதித்தால்.