காலவழு

ஹாட் ராட் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

1920களிலும் 30களிலும் தெற்குக் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு கார்களைச் சொற்ப விலைக்கு வாங்கினார்கள். எஞ்சினைப் பிரித்துப்போட்டு, ஃபோர்டு நினைத்தே பார்க்காத வேகத்தை அதனிடம் எதிர்பார்த்தார்கள். வார இறுதியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மலை தாண்டி மொஹாவி பாலைவனத்துக்குப் போய், மூராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் மட்கார்டு, முகப்பு விளக்கு, முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். கழற்றியது அழகுக்காக அல்ல, காற்று தடுக்கும் என்பதற்காக. பிறகு திரும்ப மாட்டிக்கொண்டு அதே காரில் வீட்டுக்குப் போனார்கள். 1937ல் கிளப்புகள் கூடி சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று ஒன்றை அமைத்துக்கொண்டன. அப்போது ஹாட் ராட் என்ற பெயர் புழக்கத்தில் இல்லை. 'கௌ ஜாப்' என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவியது. 1948 ஜனவரியில் அதே பெயரில் ஒரு பத்திரிகை வந்தது. மூராக் இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் காரை அந்தக் காலத்து உறுப்புகளை வைத்து, அந்தக் காலத்து முறையிலேயே கட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படிக் கட்டியதை 'பீரியட் கரெக்ட்' என்கிறார்கள். முதலில் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். 1936 என்றால் 1936. அதற்குப் பிந்திய போல்ட் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. ஃபோர்டுக்கு ஹைட்ராலிக் பிரேக் 1939 மாடலில்தான் வந்தது; ஆகவே உங்கள் காரில் இரும்புத் தண்டுகள் இழுத்து நிறுத்தும் பிரேக்தான், மலைச் சரிவில் கடவுள் துணை. நம் இலக்கணக்காரர்கள் காலவழு என்றார்களே, அதைத் தவிர்க்கிற முயற்சி இது. நேற்று வருவான் என்று எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த முயற்சியின் மேல் எனக்கு மரியாதை இருந்தது. இல்லை, உண்டு. எதற்கு எதிராக இது கிளம்பியது என்பதை மறக்க முடியாது. 1955ல் செவர்லே சிறிய வி-8 எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. மலிவு, லேசு, பலசாலி. அதன் பிறகு எந்தப் பழைய காரின் மூடியைத் திறந்தாலும் அந்த எஞ்சின்தான். 70களிலிருந்து ஃபைபர்கிளாஸ் உடல், ஆட்டோமேட்டிக் கியர், ஏர்கண்டிஷன் எல்லாம் சேர்ந்துகொண்டன. பிறகு எஞ்சினே தயாராகப் பெட்டியில் வந்து இறங்க ஆரம்பித்தது. 1932 ஃபோர்டின் முகமூடி போட்ட ஹோட்டல் அறை. முன்னூறு குதிரைச் சக்தி, விரலில் கறை படாமல். இந்தச் சோம்பேறித்தனத்தின் மேல் கோபப்பட்டுத்தான் சிலர் பிடிவாதமாக நாலு சிலிண்டருக்குத் திரும்பினார்கள். நியாயமான கோபம். நானும் அந்தக் கட்சிதான்.

நாலு சிலிண்டரில் யாரும் சுலபமாக ஜெயிக்க முடியாது. மாடல் ஏ ஃபோர்டு, 1928 முதல் 1931 வரை: 200.5 கன அங்குலம், ஏறக்குறைய 3.3 லிட்டர், 2200 சுற்றில் 40 குதிரைச் சக்தி. அமுக்க விகிதம் 4.22க்கு 1. அன்றைய மட்டமான பெட்ரோல் அதற்கு மேல் தாங்காது. கிராங்கை மூன்றே இடத்தில் தாங்கியிருக்கிறார்கள், எதிர் எடையும் கிடையாது. சுற்று கூடக் கூட அது வில்லாக வளையப் பார்க்கும். கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் வருவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று. அது எண்ணெயில் முங்கித் தானே வாரியடித்துக்கொள்ள வேண்டும். 1932ல் வந்த மாடல் பி இதைக் கொஞ்சம் திருத்தியது: 50 குதிரைச் சக்தி, பருத்த கிராங்க், மெயின் பேரிங்குகளுக்கு அழுத்தத்தில் எண்ணெய். ஆனால் அதே வருஷம் ஃபோர்டு 65 குதிரைச் சக்தியில் வி-8ஐ இறக்கிவிட்டதால் ஊர் உலகம் மாடல் பி-யை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, ஏரிக்குப் போன பையன்களைத் தவிர.

என் பக்கத்து வீட்டுக் கிழவர் தேர்ந்தெடுத்தது இந்த மாடல் பி எஞ்சினைத்தான். மொஹாவியின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. விமானத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். 1929 ரோட்ஸ்டர் உடல். தேர்ந்தெடுத்த வருஷம் 1936. நான் அவருக்கு விளக்குப் பிடித்தேன். புஸ்தகம் படித்தவன் என்பதால் வருஷக் கணக்கும் பார்த்துச் சொன்னேன். 'இது 38, ஆகாது' என்பேன். எடுத்துப் போட்டுவிடுவார்.

பாபிட் ஊற்றியதைச் சொல்லியாக வேண்டும். இன்றைய கார்களில் இருப்பது மாதிரிக் கழற்றி மாட்டுகிற பேரிங் ஓடு இந்த எஞ்சினில் இல்லை. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த கலவையை உருக்கி, எஞ்சின் பிளாக்கைக் கவிழ்த்துப் போட்டுச் சூடாக்கி, அதிலேயே ஊற்றி, ஆறிய பிறகு மூன்று இடத்தையும் ஒரே நேர்கோட்டில் குடைந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்பார்கள். பதம் பார்க்க அவர் பைன் மரக் குச்சி ஒன்றை முக்கினார். குச்சி பழுப்பேறினால் சரி, பற்றிக்கொண்டால் சூடு அதிகம், சும்மா இருந்தால் போதாது. 'தெர்மாமீட்டர் இல்லையா?' என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதையும் பார்த்துவிட்டுத்தான் குச்சியை முக்கியிருக்கிறார். முதல் தடவை பிளாக்கில் ஒட்டவில்லை, தகடு மாதிரி உரிந்து வந்தது. இரண்டாம் தடவை நடுப் பேரிங்கில் காற்றுக் குமிழி. மூன்றாம் தடவை பிடித்தது. ஒரு மாதம் போயிற்று. அந்த ஒரு மாதத்தில் 1936 என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதுவரை நான் படித்த புஸ்தகங்களில் இல்லை.

அடுத்தது ஹெட். அமுக்கத்தைக் கூட்டாமல் வேகம் கிடையாது, ஹெட்டை மாற்றாமல் அமுக்கத்தைக் கூட்ட வழியில்லை. அசலான வின்ஃபீல்டு ஹெட் சேகரிப்பாளர்கள் விலையில்தான் கிடைக்கும். இன்று அச்சு அசலாக வார்த்து விற்கும் நகல்கள் உண்டு. பணம் அனுப்பினால் வீட்டுக்கு வரும். கிழவர் இரண்டையும் யோசித்துவிட்டு, 'நானே பண்ணுகிறேன்' என்றார்.

இது கேட்பதற்குத்தான் பெரிது. இந்த எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருக்கின்றன. ஹெட் என்பது மேலே மூடுகிற கனத்த பலகை. உள்ளே தண்ணீர் ஓட வழி, அடியில் நாலு குழிவு. ஆனால் பெட்ரோல் எப்படி எரியும் என்பதை அந்தக் குழிவின் வடிவம்தான் முடிவு செய்கிறது. 1920ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹாரி ரிகார்டோ கண்டுபிடித்தது அது: குழிவை வால்வுகளின் பக்கம் ஒதுக்கி, பிஸ்டனுக்கு மேலே மயிரிழை இடைவெளி மட்டும் விட்டால், கலவை பிதுங்கிச் சுழன்று நன்றாக எரியும். கிழவர் அந்தத் தர்க்கத்தைப் பின்பற்றி மரத்தில் மாதிரி செதுக்கினார். அலுமினியம் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக. ஒரு சிறிய வார்ப்படப் பட்டறையில் மணலில் வார்த்து வாங்கி, தன் கொட்டகையில் கடைந்தார். முதல் வார்ப்பில் நுண்துளை, மூன்றாம் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்தது. இரண்டாவது நின்றது. ஆறுக்கு ஒன்று என்கிற அளவில் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் போனால் பாபிட் நசுங்கும் என்பது அவர் எண்ணம்.

இனி என் பங்கு. எங்கள் வட்டாரத்தில் ஒரு குழு வருஷத்துக்கொரு முறை இத்தகைய கார்களின் கூடுகை நடத்துகிறது. அதன் கமிட்டியில், சரித்திரம் தெரிந்தவன் என்ற பேரில் நானும் இருந்தேன். அங்கீகரிக்கப்பட்ட வேக உறுப்புகளின் பட்டியல் ஒன்று தயாரானது: வின்ஃபீல்டு, ரைலி, க்ரேகர், மில்லர், ராஜோ, ஃப்ரான்டினாக் என்று. தட்டச்சு செய்தவன் நான். பெருமையோடுதான் செய்தேன்.

பட்டியலும் கையுமாக ஒரு இளைஞன் கிழவரின் காருக்கு வந்தான்.

'ஹெட் யாருடையது?'

'என்னுடையது.'

'அது சரி, யார் செய்தது?'

'நான்.'

அவன் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். பாவம், மரியாதையான பையன். இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனான். அடுத்த காரின் உடல் புதிதாக எஃகில் அடித்து வாங்கியது. ஹெட் புதிய வார்ப்பு, மேலே பழைய பெயர் புடைப்பெழுத்தில். உப்பும் வினிகரும் அடித்து ஏற்றிய துரு. சொந்தக்காரருக்கு மூடியைத் திறக்கிற கொக்கி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கூட வந்தவர் திறந்து காட்டினார். அது தேறியது. நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதி விதிதானே என்று அப்போது நினைத்தேன்.

வின்ஃபீல்டு யார்? 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தன் கையால் கேம் ஷாஃப்ட் அரைத்துக்கொண்டிருந்த இளைஞர். ராஜோ என்பது என்ன? ஜோ யேகர்ஸ்பெர்கர் என்பவர் விஸ்கான்சினில் ரசீன் என்ற ஊரில் செய்த ஹெட். ஊர்ப் பெயரில் பாதியும் தன் பெயரும் சேர்த்து வைத்துக்கொண்டார். ஃப்ரான்டினாக் ஹெட்டை மாடல் டி ஃபோர்டுக்காகச் செய்தவர்கள் செவர்லே சகோதரர்கள், தங்கள் பெயரைத் தாங்கிய கம்பெனி வேறு யார் கைக்கோ போன பிறகு. இவர்கள் எந்தப் பட்டியலைப் பார்த்துச் செய்தார்கள்? இருந்தது போதவில்லை, செய்துகொண்டார்கள். பெயர் தெரியாமல் போன எத்தனையோ பேர் ஏரிப் படுகைக்குத் தாங்களே ரம்பம் போட்டு, இழைத்து, ஒட்டிய உறுப்புகளோடு வந்தார்கள். சொந்தமாகச் செய்ததுதான் அந்தக் காலத்தின் வழக்கம். எங்கள் கூடுகையில் அந்தக் காலத்துக்கு உண்மையாக இருந்த ஒரே ஹெட்டை நாங்கள் திருப்பி அனுப்பினோம், என் பட்டியலை வைத்துக்கொண்டு.

கமிட்டி நண்பர் ஒருவர் பிறகு வாதாடினார். கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு ஒருவன் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்திரத்தில் கடைந்து, நானே செய்தேன் என்று வருவான், எங்கே நிறுத்துவது? இது அற்ப வாதம் அல்ல. செவர்லே வி-8 காலத்தைப் பார்த்தவர்களின் பயம் அது. என் பதில்: மரம், மணல், அலுமினியம், லேத், ரிகார்டோவின் தர்க்கம், இதில் எது 1936ல் ஒரு பையனுக்கு எட்டாதது? அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு விஷய ஞானம் வேண்டும், பட்டியலுக்கு அது வேண்டியதில்லை. பட்டியல் போடுவதே அதனால்தான். இலக்கணம்கூட எங்களைவிடத் தாராளம். வழு என்று சொன்ன கையோடு வழுவமைதி என்று ஒன்றையும் வைத்தது. இலையில் உட்கார்ந்திருப்பவன் வாசலில் கூப்பிடுகிறவனுக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான். வரவில்லை. ஆனால் அந்த அவசரத்தின் உண்மைக்காக இலக்கணம் அதை ஒப்புக்கொள்கிறது. எங்கள் கமிட்டியில் வழு மட்டும்தான் உண்டு.

1997ல் பெப்பிள் பீச்சில், பணக்காரர்களின் பழைய கார்கள் நிற்கும் அந்தப் புல்தரையில், ஹாட் ராடுகளுக்கு முதன்முதலாக ஒரு பிரிவு வைத்தார்கள். அங்கீகாரம் என்று கொண்டாடினார்கள். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு ஸ்தாபனமாகிறது, ஸ்தாபனத்துக்கு முன்னோடிகளின் வரிசை ஒன்று தேவைப்படுகிறது, வரிசையில் இருப்பவர்களின் போலி உள்ளே வந்துவிடுகிறது, அவர்கள் செய்ததைச் செய்கிறவன் வெளியே நிற்கிறான். நம் பத்திரிகைகளில் கவிதை தேர்ந்தெடுக்கிற மேஜைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இது கார் விஷயம்தானே என்று இருந்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கிழவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் காரிலேயே என்னை எல் மிராஜுக்கு அழைத்துப் போனார். மூராக் போன பிறகு பந்தயங்கள் நடப்பது அந்த ஏரிப் படுகையில்தான். பழைய நாலு சிலிண்டருக்கென்று அங்கே இன்னும் தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள். அவர் ஓட்டவில்லை, பார்த்தார். ஒருவனுடைய ஹெட்டில் குனிந்து எதையோ ஐந்து நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு வந்து, 'வார்ப்பு நல்லாயிருக்கிறது' என்றார்.

நான் கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். பட்டியல் இருக்கிறது. கிழவர் போன வருஷம் இறந்துபோனார். காரை அவர் மகள் விற்றுவிட்டாள். மரத்தில் செதுக்கிய மாதிரியை மட்டும் எனக்குக் கொடுத்தாள். எங்கள் தெருவில் 1931 கூப்பே ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும் பையன் அதை இரவல் கேட்கிறான். நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் மேலே தண்ணீர் வழி குறுகலாக இருக்கிறதாம், அங்கே செதுக்கி மாற்ற வேண்டும் என்கிறான். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.