பாம்பு பட்டினி கிடந்தால் பதறாதீர்கள்

சீறுகிற பாம்பைப் பார்த்தால் கோபக்கார ஜந்து என்கிறோம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி நேரம் அது கோபமே இல்லை, பயம். வளர்க்கும் பாம்பு கடிக்க வருகிறது, சாப்பிடவும் மறுக்கிறது என்றால் நாம் புதிதாகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிறுத்த வேண்டியதுதான் நிறைய. மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவனுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். டெக்சாஸில் மகன் வீட்டில் ஐந்து மாதம் ஒரு பாம்போடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பேரனுக்கு வயது 14. அவன் வளர்ப்பது பால் பைத்தான் என்ற சிறு மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வளர்ந்தால் நாலைந்து அடி. பயந்தால் தலையை நடுவே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். பெயரில் உள்ள பால் அந்தப் பந்துதான், பசும்பால் இல்லை. என் மனைவி அதற்கு லட்டு என்று பேர் வைத்தாள்.

நாங்கள் போய் இறங்கியபோது லட்டு ஆறு வாரமாக எதையும் தொடவில்லை. பெட்டிக்குள் கை விட்டாலே கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துப் பாயும். பேரனை இரண்டு முறை கடித்துவிட்டது. "மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடு" என்றாள் மருமகள். அவளைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. ஆனால் பையன் ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுததும் எங்களுக்குத் தெரியும்.

பாம்பு வாங்கிய கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? உயிருள்ள எலியை உள்ளே விடு, தினமும் கையில் எடுத்துப் பழக்கு. இரண்டும் தவறு என்பது ஊர்வன பார்க்கும் கால்நடை டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்தது. பசியில்லாத பாம்போடு விட்ட எலி, பாம்பையே கடித்துக் குதறிவிடுமாம்.

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம். பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் உடம்பை நெருக்கிக்கொண்டு கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு வெளியே வரும். அப்படிப்பட்டதை நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, ஹாலில் டிவிக்கு எதிரே, தரை அதிரும் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கல்யாண மண்டப வாசலில் கட்டில் போட்டுத் தூங்கச் சொன்னால் நமக்கே சோறு இறங்காது.

அப்போது எனக்கு வடநெம்மேலி நினைவுக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கப் பிடித்த பாம்புகளை மண்பானையில்தான் வைத்திருப்பார்கள், வாயைத் துணியால் கட்டி. இருட்டு, குளிர்ச்சி, நெருக்கம். ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்து வாங்கிய பெட்டியில் இல்லாதது அந்தப் பானையில் இருந்தது.

டாக்டர் சொன்னபடி தொட்டியைச் சந்தடியில்லாத அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். உடம்பு இறுக்கமாக நுழையும் அளவில் இரண்டு ஒளியிடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் அது சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் தவிக்கும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25, 26. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. என் தொழில் சார்ந்து ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றும் பாயைப் போடாதீர்கள். பாம்பின் வயிறு வெந்துபோகும், வீட்டுக்கும் ஆபத்து.

பிறகு? தண்ணீர் மாற்றுவதையும் சுத்தம் செய்வதையும் தவிர, இரண்டு வாரம் கை வைக்கக் கூடாது. பாட்டிக்குத்தான் இது தாங்கவில்லை. ஊட்டி வளர்த்த கை இல்லையா! "வாயைத் திறந்து கொஞ்சம் வைத்தால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்பென்றால் ஊட்டுவது என்று நாம் பழகிவிட்டோம். பாம்பிடம் அது செல்லாது. திணித்தால் அதன் பயம் இன்னும் ஏறும், உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியது. தோல் உரிக்கும் சமயம் கண் நீலம் பூத்தாலும் இரையைத் தொடாது.

அதற்காகக் கவனிக்காமல் விடவும் கூடாது. வாரம் ஒரு முறை பேரன் அதைத் துணிப்பையோடு சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினான். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் நுரை வந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். லட்டுவுக்கு எடை அவ்வளவாக இறங்கவில்லை. அந்த நோட்டைக் காட்டித்தான் பையன் அம்மாவிடம் இன்னொரு மாதம் அவகாசம் வாங்கினான். கடைசியில் ஒரு ராத்திரி, உறையவைத்த எலியை இளக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் பிடித்து நீட்டினான். அதன் மேலுதட்டுக் குழிகள் சூட்டை உணரக்கூடியவை. பிடித்தது, சுருட்டியது, விழுங்கியது. பத்தாவது வாரம் அது.

நம் ஊரில் பாம்புக்குப் பால் வார்க்கிறோம். பாம்புக்குப் பால் உணவே இல்லை. தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு தாகத்தில் எதையும் குடிக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்ட நண்பரின் மகன் தானும் ஒன்று வாங்கப்போகிறேன் என்கிறான். நம் நாட்டு மலைப்பாம்பை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகை என்றாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அது இருக்கட்டும், ஊர்வன பார்க்கும் டாக்டர் உன் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரி என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.