கோடரி பிடித்த கையும் கட்டளையிட்ட வாயும்

"மழைக்காட்டுக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று கேட்டார் தோழர் ஒருவர், அருப்புக்கோட்டையில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது. கேள்வி நியாயமானதுதான். கரிசல் வெடித்துக் கிடக்கிறது. கண்மாயிலே சீமைக் கருவேலம் கோலோச்சுகிறது. ஐப்பசி மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துப்போன மக்கள் நாம். வானளாவிய மரங்களும் வற்றாத ஓடைகளும் நமக்குக் கதையிலே கேட்ட காட்சி!

ஆயினும் உறவு உண்டு. காடுகள் வீழ்ந்த வரலாற்றைப் புரட்டினால், கோடரி பிடித்த கை நம்மவன் கையாக இருக்கக் காண்கிறோம். கட்டளையிட்ட வாய் மட்டும் வேறு!

இலங்கையைப் பாருங்கள். 1815-இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1820-களில் பாறையைக் குடைந்து கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டது வெள்ளையர் துரைத்தனம். படை செல்லப் போட்ட சாலை. அதன் வழியே வந்தது காப்பிச் செடி. 1840-இல் பிறந்தது ஒரு சட்டம்: உரிமையை மெய்ப்பிக்க இயலாத காடும் தரிசும் அரசுடைமை என்றது! காலங்காலமாக அங்கே புழங்கிய குடியானவன் ஒரே நாளில் 'ஆக்கிரமிப்பாளன்' ஆனான். அரசு விற்ற காட்டை மலிவாக வாங்கியவர்களிலே அந்த அரசின் அதிகாரிகளும் இருந்தனர்.

காடு கிடைத்துவிட்டது, வெட்ட ஆள் வேண்டாமா? இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளுக்குக் கிளம்பினான் கங்காணி. நிலம் ஜமீனுக்கு, நீர் வானத்துக்கு, பசி மட்டும் தனக்கு என்றிருந்தவன் பின்தொடர்ந்தான். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தான். வழியிலே காலராவுக்கு இரையானோர் ஆயிரமாயிரம். பிழைத்தவன் மரத்தைச் சாய்த்தான். 1869-இல் காப்பி இலையைத் துருநோய் பற்றியது. காப்பி போயிற்று; தேயிலை வந்தது; காடு மட்டும் திரும்பவில்லை.

உழைத்தவனுக்குக் கிடைத்த பரிசு? 1948-இல் குடியுரிமைப் பறிப்பு! 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. வந்தவர்க்கு வாழ்வளிக்க 1968-இல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அன்று ஆண்டது கழகம். அடைக்கலம் தந்தோம் என்பதிலே பெருமை உண்டு. ஆனால் மறைப்பது நமக்கு அழகன்று. காட்டை அழித்தே அத்தோட்டங்கள் எழுந்தன. பாட்டன் வெட்டியது கண்டியிலே. பேரன் வெட்டியது கூடலூரிலே!

2022-இல், நட்டத்தைக் காரணங்காட்டி, அத்தோட்ட நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பித் தர முடிவாயிற்று. அதுவும் கழக ஆட்சியில்தான். காடு திரும்பட்டும், வரவேற்போம். தொழிலாளி எங்கே திரும்புவான்? இக்கேள்வியை மாற்றார் கேட்குமுன் நாம் கேட்க வேண்டாமா?

கடல் கடந்த பிரேசிலிலும் நம்முடையது போல் ஒரு வறண்ட சீமை உண்டு. அந்நாட்டின் வடகிழக்குப் பகுதி அது. 1970-இல் அங்கே கடும் பஞ்சம். நிலமோ சில சீமான்களின் கையிலே. அதைப் பங்கிட மனமில்லாத இராணுவ ஆட்சித் தலைவர் மெடிசி, அமேசான் காட்டைப் பிளந்து நெடுஞ்சாலை போட்டார். "மனிதரற்ற நிலம், நிலமற்ற மனிதருக்கு" என்பது முழக்கம். பழங்குடியினர் மனிதர் இல்லையோ! 1,00,000 குடும்பங்களைக் குடியேற்றுவதாகச் சொன்னார்கள். குடியேறியதோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சில விளைச்சலிலே மண் சத்திழந்தது. பலர் விற்று வெளியேறினர். பல இடங்களில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் வளைத்துக்கொண்டனர். பெருஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைகள் மீன்முள்போல் பிரிந்தன. பிரேசில் அமேசானில் நடந்த காடழிப்பில் 95 விழுக்காடு சாலைக்கு ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சாலைக்குப் பகைவரா நாம்? அல்லர்! பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் சாலை மக்களின் உரிமை. காட்டின் நெஞ்சைப் பிளந்து, நிலச் சிக்கலிலிருந்து ஆள்வோர் தப்பியோடப் போடும் சாலை வேறு. இரண்டையும் பிரித்தறிவதே அரசியல்.

ஆகவே தோழர்களே, காட்டைக் காக்கும் பணி காட்டிலே தொடங்குவதில்லை. திருச்சுழிக் கண்மாயிலே தொடங்குகிறது. வரத்துக்கால் தூர்ந்து, கருவேலம் மண்டி, விதைத்தவன் கடனாளியானால், அவன் எந்தக் கங்காணியின் பின்னாலும் போவான். கண்மாயைத் தூர்வாரக் குரல் கொடுங்கள். 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி – வைகை – குண்டாறு இணைப்பை நிறைவேற்று என்று, நாட்டியவர் எக்கட்சியினர் எனப் பாராமல், கேளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மாற்று வேலையும் கொடுத்த பின்பே நிலத்தை மீட்க வேண்டும் என்பதை நம் ஆட்சியானாலும் பிறர் ஆட்சியானாலும் வலியுறுத்துங்கள்.

கோடரி பிடித்த கையைக் குற்றஞ்சாட்டுவது எளிது. கட்டளையிட்ட வாயை அடையாளம் காட்டுவது கடினம். எளியதைப் பிறர் செய்யட்டும், கடினமானது நமக்கு!