ரசீது இல்லாத செலவு: நீதிமன்றங்களில் ஊழல் குறைய என்ன வழி?

வழக்கில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று கிராமத்தில் சொல்வார்கள். காரணம் தீர்ப்பு அல்ல. தீர்ப்பு வரும்வரை ஆகும் செலவு!

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு விபத்துகள் புதிதல்ல. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மட்டும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஒருவரை இழந்த குடும்பம் இழப்பீட்டில் தகராறு வந்தாலோ, சாட்சி சொல்லவோ கோர்ட் படி ஏறித்தான் ஆக வேண்டும். மாவட்டத் தலைநகர் விருதுநகர். மாவட்ட நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில்! ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு.

பஸ் சார்ஜ், வக்கீல் ஃபீஸ் எல்லாம் கணக்கில் வரும் செலவு. கணக்கில் வராததும் உண்டு. சம்மன் சீக்கிரம் போய்ச் சேர ஒரு தொகை, தீர்ப்பு நகல் வாங்க ஒரு தொகை, கோர்ட்டில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க ஒரு தொகை. நாடு முழுக்க மக்கள் சொல்லும் புகார் இது. எதற்கும் ரசீது கிடையாது.

நீதித்துறை ஊழல் என்றதும் பெரிய நீதிபதிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். அதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று 1991-ல் கே. வீராசாமி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கூலித் தொழிலாளியின் மடியில் கை வைப்பது கீழ்மட்டத்து நூறும் ஐந்நூறும்தான். அந்த லஞ்சத்துக்கு மூலதனம் எது? அவருடைய அறியாமை. அடுத்த தேதி தெரியாது, கட்டு யாரிடம் இருக்கிறது தெரியாது, நியாயமான கட்டணம் எவ்வளவு தெரியாது.

அதனால் செய்ய வேண்டியவை இவை:

1. இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-ல் தொடங்கியது. 2023-ல் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க எண் உண்டு, செல்போனிலேயே நிலவரம் பார்க்கலாம். ஆனால் வாய்தா தேதியும் தள்ளிவைத்த காரணமும் எளிய தமிழில் எஸ்எம்எஸ்ஸாக வர வேண்டும். இல்லாவிட்டால் இடைத்தரகர் கோர்ட் வாசலில் இருந்து கம்ப்யூட்டர் சென்டருக்கு இடம் மாறுவார், அவ்வளவுதான்!

2. இழப்பீட்டுப் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். விபத்து இழப்பீட்டில் இதை உச்ச நீதிமன்றம் 2025-ல் வலியுறுத்தியது. கை மாறாத பணத்தில் கமிஷன் எடுக்க முடியாது.

3. நகல் கட்டணமும் தர வேண்டிய கெடுவும் வாசலிலேயே போர்டில் இருக்கட்டும். விண்ணப்பித்த வரிசை எண்படிதான் நகல் தர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதித் தரட்டும்.

4. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்தால் போதும். இதை ஒவ்வொரு பட்டாசு ஆலை கேட்டிலும் எழுதி வைத்தால் என்ன செலவாகிவிடும்?

கம்ப்யூட்டர் மட்டும் ஊழலை ஒழிக்காது. காலி நீதிபதி பணியிடங்களை நிரப்பாமல், வாய்தாக்களைக் குறைக்காமல் இவை எல்லாம் பாதி மருந்துதான். ஆனாலும், எங்கே எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தவரிடம் கூடுதலாகக் கேட்க எவருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். மாற்றம் அந்தத் தயக்கத்தில் தொடங்கட்டும்!