காய்ச்சல் வீட்டில், கிருமி தொழுவத்தில்



வீட்டில் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பசுவின் கரு சிதைந்தால் மிருக வைத்தியரைத் தேடுகிறோம். இரண்டுக்கும் ஒரே கிருமி காரணமாகலாம் என எண்ணுவதில்லை.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பக்டீரியா எலியின் சிறுநீரில் மட்டுமன்றி மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வெளியேறும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிர்தரித்து, காலிலுள்ள வெடிப்பு, புண் வழியே உடலில் புகும். 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயாளராகப் பதிவாயினர்.

கம்பளைக்கு அண்மையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் மிருக வைத்திய பீடமும் உள்ளன. இரு துறையினரும் சேர்ந்து ஒரே கிராமத்து மனிதரையும் மாட்டையும் பரிசோதிப்பதே முறை. கிருமி எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் துலங்கும். இடம்பெயர்ந்து, ஆடுமாடுகளோடு நெருக்கமாக வாழும் உங்களுக்கே இது முதலில் தேவை.

அதுவரை காத்திராதீர்கள். காய்ச்சலோடு தசைநோவும் கண்சிவப்பும் இருந்தால் உடனே வைத்தியரிடம் போய், வயலில் இறங்கியதையும் மாடு வளர்ப்பதையும் சொல்லுங்கள். மிருக வைத்தியரிடம் வீட்டுக் காய்ச்சலைச் சொல்லுங்கள். வயலுக்கு இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். இரு வைத்தியத்தையும் இணைக்கும் முதற்பாலம் உங்கள் வாய்ச்சொல்லே.