பழகிய உடம்பு என்னும் வாதம்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்ற வேண்டும், நிழலும் ஓய்வும் தர வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பதிலும் கையோடு வந்துவிடுகிறது: வெயில் நமக்குப் புதிதா? பரம்பரையாகப் பழகிய உடம்பு. தண்ணீரும் மோரும் குடித்தால் போதும். அதற்கு மேல் கேட்பது வேலையைக் கெடுக்கும். முதலாளிகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. மேஸ்திரிகளும் அதிகாரிகளும் சொல்கிறார்கள், வெயிலில் நிற்கும் தொழிலாளர்களே பல நேரம் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தப் பதிலுக்குள் ஐந்தாறு தனித்தனிக் கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக நிற்பதில்லை. அதன் விலையைத் தொழிலாளி மட்டும் கொடுப்பதில்லை, அவர் குடும்பமும் சேர்ந்து கொடுக்கிறது. அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழக்கம். உடல் வெப்பத்துக்குப் பழகுவது உண்மைதான். ஒருவர் தொடர்ந்து ஏழு முதல் பதினான்கு நாள் வெப்பத்தில் உழைத்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். ஆனால் இது பாட்டன் சொத்தாக வருவதில்லை. ஒவ்வொருவரும் தம் உடம்பால் ஈட்டிக்கொள்வது. சில வாரம் விலகியிருந்தால் கரைந்துவிடுவது. ஹோலிக்குப் பீகார் போய்விட்டுச் சென்னைக் கட்டடத்துக்குத் திரும்பும் இளைஞருக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்து சூளைக்கு வரும் பெண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு முதல் நாளில் இருக்காது. அமெரிக்காவில் திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறார்கள். புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் கொடுத்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்று அந்நாட்டுத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான்.

பழக்கத்துக்கு உச்சவரம்பும் உண்டு. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் நேரடித் தாக்கு, காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி என்ற அளவைத் தொழில்நல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வரம்பின்படி, நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்பவருக்கு அந்த அளவு 28 டிகிரியைத் தாண்டக் கூடாது. இது வெப்பத்துக்குப் பழகிய உடம்புக்கான எண். பழகாதவருக்கு 25. அதாவது பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறது. 2017க்கும் 2020க்கும் இடையே தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு சதவீதத்தினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உப்பளத்தைவிட வெயில் பழகிய இடம் தமிழ்நாட்டில் எது இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும்: கடலோரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதே அரிது, வேலூரோடு ஒப்பிட்டால் தூத்துக்குடியும் சென்னையும் தேவலாம் என்பார்கள். ஆனால் தினசரிகளில் வரும் எண் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. உடம்பு சூட்டை இறக்குவது வியர்வை ஆவியாவதால். காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருந்தால் வியர்வை வழிந்து வீணாகுமே தவிர உடம்பைக் குளிர்விக்காது. அதனால்தான் வானிலை ஆய்வுத் துறையே வெப்ப அலையை அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 என்றும் வேறுவேறு வரம்பு வைத்திருக்கிறது. மேலும், தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு உடம்புக்குள்ளேயே வெப்பமாகிறது. செங்கல் சுமக்கிறவருக்கு அடுப்பு உள்ளேயும் எரிகிறது. கோவையின் வார்ப்படப் பட்டறையிலும், திருப்பூரின் அயர்னிங் பிரிவிலும், ஓட்டல் சமையற்கட்டிலும் சூரியனே கண்ணில் படாமல் இதே நிலை உண்டாகிறது.

அடுத்தது தண்ணீர். மோரும் நீராகாரமும் நல்லவைதான். வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும். ஆனால் உழைப்பு நிற்காதவரை உள்ளே சூடு உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். அதைத் தணிப்பது நிழலும் ஓய்வும். தண்ணீர் அவற்றுக்குத் துணை. மேலும், தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டால் குடித்துவிடுவார்களா என்ன? பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் கூலி குறைகிறது. பெண்களின் நிலை இதைவிட மோசம். கழிப்பறை இல்லாத பணியிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அதனால் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளுக்கு ஆளாகிறார்கள் என்று ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2016இல் எழுதினார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணிடம் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்பவர், எங்கே ஒதுங்குவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

“அப்படியானால் ஏன் ஆயிரக்கணக்கில் சாகவில்லை?” என்று கேட்பவர்கள் சாவு எப்படிப் பதிவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தின் மொத்த மரணங்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பது தெரிந்தது. வெப்பம் கொல்லும்போது சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் பெரும்பாலும் எழுதப்படும். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த முன்னோடி நகரமானது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இளவயது ஆண்கள் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் இழந்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த சேதம் அது. சாவை மட்டும் எண்ணுகிறவர் கண்ணில் இது படவே படாது.

வெப்பம் தொழிலாளியோடு வீட்டுக்கும் வருகிறது. பகலெல்லாம் வெயிலில் நின்றவருக்கு இரவில் உடம்பு ஆற வேண்டும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலில் வாங்கிய சூட்டை உள்ளே இறக்கிவிடுகின்றன, உறக்கம் இல்லை. மறுநாள் சாரத்தில் ஏறும்போது அந்தத் தூக்கக் குறைவும் கூடவே ஏறுகிறது. கோடை விடுமுறையில் பள்ளியும் சத்துணவும் இல்லை. பிள்ளைகளை விட்டுப்போக ஆளில்லாத தாய் அவர்களைச் சூளைக்கோ கட்டட வேலைக்கோ அழைத்துப் போகிறாள், அல்லது அந்தக் கூரைக்கு அடியிலேயே விட்டுப் போகிறாள். பிறக்கப்போகும் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வயல், சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் உழைத்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அந்தப் பெண்களும் இதே மண்ணில் இதே வெயிலில் வளர்ந்தவர்கள். பரம்பரைப் பழக்கம் அவர்கள் வயிற்றுப் பிள்ளையைக் காக்கவில்லை. இந்த ஒரு முடிவே “பழகிய உடம்பு” என்ற வாதத்தை மூட்டைகட்டி வைக்கப் போதுமானது என்பது என் கருத்து.

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும் என்பதற்கும் சான்று எதிர்த்திசையில்தான் இருக்கிறது. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுவோருக்கு நிழல், தண்ணீர், முறையான இடைவேளை, மேம்பட்ட வெட்டுக்கத்தி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. கத்தியும் மாறியதால் முழுப் புகழும் ஓய்வுக்கே சேராது. ஆனால் இடைவேளையால் வேலை குறையும் என்ற அச்சம் பொய்த்துப்போனது. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி மதிப்பு சுமார் 2 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். 2030 வாக்கில் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை வெப்பத்தால் இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. இழப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கணக்கேட்டில் ஏறாமல் தொழிலாளியின் உடம்பில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

மிஞ்சுவது, நான் மதிக்கும் ஒரே எதிர்வாதம்: ஓய்வை வேண்டாம் என்பது தொழிலாளர்களே. நாட்கூலிக்காரருக்கு மூன்று மணி நேர ஓய்வு என்பது மூன்று மணி நேரக் கூலி. வேலையை விடியலுக்கு மாற்றினாலும் சிக்கல் தீராது. ஐந்து மணிக்கு வேலை தொடங்கினால் வீட்டுச் சமையலை முடிக்கப் பெண் மூன்று மணிக்கே எழ வேண்டும். கேரளத்தில் பிப்ரவரியிலிருந்தே நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயில் வேலையை நிறுத்துகிறார்கள். கத்தார் 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலையைத் தடுக்கிறது, டபிள்யூபிஜிடி 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். இவை நல்ல சட்டங்கள். ஆனால் இழந்த நேரத்துக்குக் கூலி இல்லாவிட்டால், தொழிலாளி அதை வேறெங்காவது உழைத்து ஈடுசெய்ய ஓடுவார். ஆகவே ஓய்வு கூலிக்குள் அடங்க வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. பருவத்தால் வேலை நிற்கும்போது அரசு கைகொடுப்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ள வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரப்படுகிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் உண்டு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நூறு நாள் வேலையில் கோடைப்படி என்று, ஏப்ரல், மே மாதங்களில் 30 சதவீதம் வரை சேர்த்துக் கணக்கிடும் முறை பல ஆண்டுகள் இருந்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. வெப்பம் கொல்லும் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, இறப்பதற்கு முன்பு செலவிடுவதற்கும் அதே ஒப்புதல் பொருந்தும். தொடங்க வேண்டிய இடம் அரசின் சொந்த ஒப்பந்த வேலைகள்: பாலம், சாலை, குடியிருப்பு எதுவானாலும், கோடை மாதங்களின் நண்பகல் ஓய்வுக்கான கூலி, நிழல் கொட்டகை, பெண்களுக்கான கழிப்பறை மூன்றும் சிமெண்டும் கம்பியும் போல டெண்டர் மதிப்பீட்டிலேயே தனித்தனி வரியாக எழுதப்பட வேண்டும், அவை இல்லாத பணிக்கு பில் பாஸ் ஆகக் கூடாது.